உடலைச் செதுக்கும் சந்தையும் மறைக்கப்படும் உண்மைகளும்

2022 மே 16 அன்று பெங்களூருவில் 21 வயதான கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர், உடலில் உள்ள கொழுப்பை அகற்றிக்கொள்வதற்காகத் தனியார் அழகியல் சிகிச்சை நிலையம் ஒன்றில் சேர்ந்தார். அன்று மாலை அவர் உயிருடன் இல்லை. தங்களுக்குத் தெரிவிக்காமலேயே சிகிச்சை நடந்தது என்றும், ஆபத்து நேர்ந்தால் காப்பாற்றுவதற்கான வசதிகள் அங்கு இல்லை என்றும் பெற்றோர் குமுறினர்.

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் மென்பொருள் துறையில் பணிபுரிந்த 31 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக் கொழுப்பை அகற்றும் சிகிச்சைக்கு உட்பட்டார். கடுமையான தொற்றுக்கு ஆளாகி நீண்ட நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் போராடிய அவருடைய உயிர் தப்பியது; ஆனால் கை, கால் விரல்களில் ஒன்பதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பிறகே கேரளச் சுகாதாரத் துறை அந்த நிலையத்தின் பதிவை ரத்து செய்தது.

இருவரும் உயிருக்கு ஆபத்தான நோயொன்றுக்கு மருத்துவம் தேடிச் சென்றவர்கள் அல்லர். நடமாடும் நிலையில் சிகிச்சை நிலையத்துக்குள் நுழைந்தவர்கள். இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், “அழகுக்கு ஆசைப்பட்டு உயிரை இழந்தார்” என்று ஒற்றை வரியில் பழியைப் பெண்ணின் மீதே சுமத்திவிட்டு ஊடகங்கள் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றன. அந்தப் பெண்ணிடம் சிகிச்சைக்கு முன் என்ன சொல்லப்பட்டது, என்ன மறைக்கப்பட்டது, சொல்ல வேண்டிய கடமை யாருக்கு இருந்தது என்ற கேள்விகள் எழுப்பப்படுவதில்லை.

எளிய சிகிச்சை என்ற மாயை

லிப்போசக்‌ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் அறுவைச் சிகிச்சை, 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் இன்றைய வடிவம் பெற்றது. கூர்மையற்ற முனை கொண்ட குழாயைத் தோலுக்கு அடியில் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையைப் பாரிஸ் நகர மருத்துவர் இலூஸ் பரவலாக்கினார். 1980களின் நடுவில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினையும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் பெருமளவு உப்பு நீரில் கலந்து, கொழுப்புப் படலத்தில் செலுத்தும் முறையை உருவாக்கினார். இதனால் இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. முழு மயக்கம் இல்லாமலும் சிகிச்சை செய்ய வழி பிறந்தது.

மருத்துவ அறிவியலுக்கு இது முன்னேற்றமே. ஆனால் இதே முன்னேற்றம்தான் இந்தச் சிகிச்சையைப் பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்கிலிருந்து கடைவீதியின் மாடி அறைக்கு இறக்கிக்கொண்டுவரவும் வழிவகுத்தது. “காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம்”, “மதிய உணவு இடைவேளையில் முடித்துக்கொள்ளலாம்” என்ற விளம்பரங்கள் அதன் பிறகே பெருகின. பன்னாட்டு அழகியல் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைச் சங்கத்தின் கணக்குப்படி, 2023இல் உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட அழகியல் அறுவைச் சிகிச்சை இதுவே; அந்த ஓராண்டில் மட்டும் 22 லட்சத்துக்கும் மேல்.

அறுவை அரங்கில் உண்மையில் நடப்பது என்ன? நிற்கும் நிலையிலேயே உடலில் கோடுகள் வரைந்து, கொழுப்பு எடுக்க வேண்டிய பகுதிகள் குறிக்கப்படுகின்றன. சில மில்லிமீட்டர் அளவிலான துளைகள் இடப்பட்டு, மருந்து கலந்த நீர் செலுத்தப்படுகிறது. பிறகு அதே துளைகள் வழியாக மெல்லிய உலோகக் குழாயை உள்ளே நுழைத்து, முன்னும் பின்னுமாக நூற்றுக்கணக்கான முறை இயக்கிக் கொழுப்பை உடைத்து உறிஞ்சுகிறார்கள். வெளியே தெரிவது சிறு துளைதான். உள்ளே ஏற்படுவதோ உள்ளங்கையை விடப் பன்மடங்கு பரப்பளவு கொண்ட ஒரு காயம். ஒப்பனை நிலையத்தின் பட்டியலில் முகப்பூச்சுக்கும் முடி நீக்கத்துக்கும் அடுத்த வரியில் இடம்பெறத் தக்க சேவை அல்ல இது. எல்லா வகையிலும் ஓர் அறுவைச் சிகிச்சை.

விளம்பரம் சொல்லாதவை

சிகிச்சைக்கு முந்தைய படம், பிந்தைய படம் என இரண்டை அருகருகே வைத்து விளம்பரம் பேசுகிறது. அவ்விரண்டுக்கும் இடையில் உள்ள மாதங்களைப் பற்றி அது பேசுவதில்லை.

முதல் ஓரிரு நாட்கள் துளைகள் வழியாக இரத்தம் கலந்த நீர் கசிந்துகொண்டே இருக்கும். உடலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை நான்கு முதல் ஆறு வாரங்கள் அணிந்திருக்க வேண்டும். இரத்தம் கட்டிய நீல நிறம் மறைய இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். வீக்கம் முழுமையாக வடிந்து இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் தேவை. சிகிச்சை செய்த இடத்தில் உணர்வின்மை சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் நீடிக்கும். அலுவலக மேசைப் பணிக்கு ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம். நாள் முழுதும் நின்றுகொண்டோ, குனிந்து நிமிர்ந்தோ, சுமை தூக்கியோ உழைக்கும் பெண்ணுக்கு அது முடியாது. அவளுக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பை யார் தரப்போகிறார்கள்?

எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், தோல் மேடும் பள்ளமுமாக ஆகிவிடுவதும், இரு பக்கமும் ஒன்றுபோல் அமையாமல் போவதும், கொழுப்பை இழந்த தோல் தொய்ந்து தொங்குவதும் நேரக்கூடியவை. மாநிறத்தோரின் தோலில் தழும்புகள் கருத்து நிற்கும் வாய்ப்பு அதிகம். இவற்றைச் சரிசெய்ய மீண்டும் ஓர் அறுவை, மீண்டும் ஒரு கட்டணம்.

அடுத்தது உயிராபத்து. கால் நரம்புகளில் உறையும் இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்தல், உடைந்த கொழுப்புத் துகள் இரத்த ஓட்டத்தில் கலத்தல், குழாய் தவறிக் குடலைத் துளைத்தல், அளவுக்கு மீறிச் செலுத்தப்பட்ட நீர் நுரையீரலில் தேங்குதல், தசையைத் தின்னும் தொற்று என அந்தப் பட்டியல் நீள்கிறது. லிக்னோகெயின் இரத்தத்தில் உச்ச அளவை அடைவது சிகிச்சை முடிந்து பல மணி நேரம் கழித்தே. அதாவது, “மாலையில் வீடு திரும்பலாம்” என்று அனுப்பப்பட்ட பெண், மருத்துவர் எவரும் அருகில் இல்லாமல் தன் படுக்கையில் கிடக்கும் இரவு நேரத்தில்.

அமெரிக்காவில் தகுதிச் சான்று பெற்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வு, 1990களில் ஏறத்தாழ 5 லட்சம் சிகிச்சைகளில் 95 மரணங்கள் நிகழ்ந்ததாகக் கணக்கிட்டது. ஏறத்தாழ ஐயாயிரத்துக்கு ஒருவர். தகுதி பெற்ற கைகளில், அன்றைய நிலையில் நேர்ந்தது இது. அதன் பிறகு அங்கு விதிகள் இறுக்கப்பட்டன. ஒரே அமர்வில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் இரவு முழுதும் மருத்துவக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு மருத்துவர் சங்கம் வழிகாட்டியது. இந்தியாவில் இந்தச் சிகிச்சையால் ஆண்டுக்கு எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று பதிவு செய்து வெளியிட வேண்டிய கட்டாயம் எந்த நிலையத்துக்கும் இல்லை. ஒரு நடிகையின் மரணம் செய்தியாகிறது. பெயர் தெரியாத பெண்ணின் மரணம் செய்தியாவதும் இல்லை.

எடையும் குறையாது, நோயும் தீராது

“உடல் எடை குறைப்பு” என்ற பெயரில் இது விற்கப்படுவதுதான் இருப்பதிலேயே பெரிய ஏமாற்று. ஐந்து லிட்டர் உறிஞ்சினாலும் அதில் செலுத்திய நீரும் அடக்கம். அனைத்தும் கொழுப்பே என்று வைத்துக்கொண்டாலும்கூட ஐந்து கிலோவை எட்டாது. ஏற்கெனவே ஏறத்தாழச் சரியான எடையில் உள்ளவரின் உடலில், உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் கரையாத குறிப்பிட்ட சில பகுதிகளைச் சீர்படுத்தும் சிகிச்சை இது. இதை முறையாகக் கற்ற எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார்.

நீரிழிவும் மாரடைப்பும் வராமல் தடுக்கலாம் என்ற பேச்சும் நிற்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமன் கொண்ட 15 பெண்களிடமிருந்து பெருமளவு வயிற்றுக் கொழுப்பு அகற்றப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பரிசோதித்தபோது, இரத்த அழுத்தத்திலும் கொழுப்பு அளவிலும் இன்சுலின் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காரணம் எளிது. நோயை வளர்ப்பது வயிற்றின் உள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு. உறிஞ்சும் குழாய் தோலுக்கு அடியில் உள்ளதை மட்டுமே எட்டும். மெலிந்த தோற்றத்திலும் உள்வயிற்றுக் கொழுப்பைச் சுமக்கும் உடலமைப்பு கொண்ட தெற்காசிய மக்களுக்கு இந்த உண்மை இன்னும் முக்கியமானது.

கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அகற்றப்பட்ட கொழுப்பை உடல் ஓராண்டுக்குள் மீட்டுக்கொள்கிறது என்று காட்டியது. தொடையில் எடுத்தது தொடைக்குத் திரும்பவில்லை, வயிற்றில் சேர்ந்தது. உணவும் உழைப்பும் ஓய்வும் மாறாமல், உடல் மட்டும் மாறி நிலைத்துவிடாது.

இந்தச் சிகிச்சையே தேவையற்றது என்பது இதன் பொருள் அல்ல. கொழுப்புத் திசு நோயால் கால்கள் வீங்கி வலியில் வாடும் பெண்களுக்கும், மார்பு வளர்ச்சியால் அவதியுறும் ஆண்களுக்கும், விபத்திலும் தீயிலும் சிதைந்த உடலைச் சீரமைக்கும் சிகிச்சைகளிலும் இந்த நுட்பம் பயன்படுகிறது. உண்மையான எதிர்பார்ப்போடு, ஆபத்தை அறிந்து, தகுதியுள்ள மருத்துவரிடம் செல்ல முடிவெடுக்கும் பெண்ணின் உரிமையையும் எவரும் மறுக்க முடியாது. அறிந்து எடுக்கும் முடிவுக்கும் அறியவிடாமல் எடுக்கவைக்கப்படும் முடிவுக்கும் உள்ள வேறுபாடே இங்கு கேள்வி.

உடல் எப்போது சரக்கானது?

பெண்கள் ஏன் இந்த வாசலுக்கு வருகிறார்கள்? 1991இல் தாராளமயக் கொள்கை புகுத்தப்பட்ட மூன்றே ஆண்டுகளில், 1994இல், உலக அழகி, பிரபஞ்ச அழகி என்ற இரு பட்டங்களும் ஒரே ஆண்டில் இந்தியாவுக்கு வந்தன. பன்னாட்டு ஒப்பனைப் பொருள் நிறுவனங்களுக்குப் புதிய சந்தை திறந்துவிடப்பட்ட காலம் அது. 1996இல் உலக அழகிப் போட்டி பெங்களூருவில் நடத்தப்பட்டபோது இடதுசாரி மாதர் அமைப்புகள் எதிர்த்துப் போராடின. பெண்ணுடலைச் சரக்காக்கும் சந்தை நாளை ஒவ்வொரு வீட்டுக் கண்ணாடிக்கு முன்னும் வந்து நிற்கும் என்பதே அன்றைய எச்சரிக்கை. இன்று அந்தக் கண்ணாடி கைப்பேசியாக ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. படத்தை மெலிதாக்கிக் காட்டும் செயலி ஒருபுறம், அதைப் பார்த்து ஏங்குபவரிடம் “வட்டியில்லா மாதத் தவணை” என்று வலைவீசும் சிகிச்சை நிலையம் மறுபுறம்.

ஏக்கம் மட்டுமே காரணம் என்று கருதுவதும் தவறு. உடலின் வடிவம் வேலைக்கான நிபந்தனையாகிவிட்டது. 2009இல் எடை மிகுதி என்று காரணம் காட்டி விமானப் பணிப்பெண்கள் சிலரை ஏர் இந்தியா பணிநீக்கம் செய்தது; அன்று அது பொதுத்துறை நிறுவனம். பொதுத்துறையிலேயே இந்நிலை என்றால், ஒப்பந்தமோ சங்கமோ இல்லாத சின்னத்திரையிலும், வரவேற்பு மேசையிலும், விற்பனைக் கூடங்களிலும் பெண்கள் எதிர்கொள்ளும் அழுத்தத்தை விளக்கத் தேவையில்லை. திருமணச் சந்தை இதே அழுத்தத்தை வேறு மொழியில் தருகிறது. அவள் “ஆசைப்பட்டாள்” என்று சொல்பவர்கள், அந்த ஆசைக்குப் பின்னால் பிழைப்பு இருப்பதைக் காண மறுக்கிறார்கள்.

இதே நாட்டில்தான் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். 18.7 விழுக்காட்டினர் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே உள்ளனர். 24 விழுக்காட்டினர் அதற்கு மேலே. ஒருபுறம் ஊட்டமின்மை, மறுபுறம் மலிவான மாவும் சர்க்கரையும் எண்ணெயும் தரும் பருமன். இரண்டும் ஒரே உணவு அரசியலின் இரு விளைவுகள். இரத்தசோகை இவ்வளவு பரவிய நாட்டில், இரத்த இழப்பு நேரும் ஓர் அறுவைக்கு முன்னால் முழுமையான பரிசோதனை நடக்கிறதா என்று யார் கண்காணிக்கிறார்கள்?

வரி உண்டு, கண்காணிப்பு இல்லை

அரசின் நிலைப்பாடு விந்தையானது. சரக்கு மற்றும் சேவை வரியில் மருத்துவச் சேவைக்கு விலக்கு உண்டு. அழகியல் அறுவைக்கு அந்த விலக்கு இல்லை. பிறவிக் குறைபாடும் காயமும் காரணமாகச் செய்யப்படும் சீரமைப்புக்கு மட்டுமே உண்டு. மருத்துவக் காப்பீடும் அழகியல் அறுவையை ஏற்பதில்லை. ஆக, கல்லாப்பெட்டியைப் பொறுத்தவரை இது மருத்துவம் அல்ல, நுகர்வு. நுகர்வு என்றே வைத்துக்கொண்டாலும், கத்தியும் மயக்க மருந்தும் புழங்கும் இடத்தை மருத்துவமனைக்கு உரிய கண்டிப்போடு கண்காணிக்கும் பொறுப்பிலிருந்து அரசு எப்படி விலக முடியும்?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. தனிச் சட்டம் கொண்ட மாநிலங்களிலும் ஆய்வுக்குச் செல்ல ஆட்கள் இல்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், விளம்பரம் செய்து நோயாளிகளை ஈர்க்கக் கூடாது என்று தடுக்கின்றன. அவை தனி மருத்துவரையே கட்டுப்படுத்தும். மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு விளம்பரம் செய்யும் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். உடற்பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அறுவைச் சிகிச்சை அதன் வரம்புக்குள் வரவில்லை. முடிமாற்று உள்ளிட்ட அழகியல் அறுவைகளில் இறங்குவதற்கு யூடியூப் காட்சிகளையும் பயிலரங்குகளையும் பார்ப்பது போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அறிவுறுத்த வேண்டியிருந்தது. அப்படி ஓர் அறிவுரை தேவைப்பட்டதே நிலைமையின் சாட்சி.

ஒப்புதல் பற்றியும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை விளக்கிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறுவைக்குச் சற்று முன்னர், ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத் தாளில் கையொப்பம் வாங்கும் வழக்கம் அந்தத் தீர்ப்பைக் கேலி செய்கிறது.

இன்னொரு காட்சியையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அமில வீச்சுக்கு ஆளான பெண்களுக்குச் சீரமைப்பு அறுவை உட்பட முழுச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனைகளும் இலவசமாக அளிக்க வேண்டும் என்று 2015இல் லட்சுமி வழக்கில் உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டி வந்தது. பிளாஸ்டிக் அறுவை நிபுணர்கள் குறைவாக உள்ள நாட்டில் அவர்களுடைய நேரத்தைத் தேவை தீர்மானிக்கவில்லை, கட்டணம் தீர்மானிக்கிறது. 2000 முதல் மருத்துவமனைத் துறையில் நூறு விழுக்காடு அந்நிய முதலீட்டை அனுமதித்துவிட்டு, பொது சுகாதாரத்தைப் பட்டினி போட்ட கொள்கையின் நேரடி விளைவு இது.

என்ன செய்ய வேண்டும்?

கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையை எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி அறுவைச் சிகிச்சையாக வகைப்படுத்த வேண்டும். தகுதி பெற்ற நிபுணரும் மயக்கவியல் மருத்துவரும் உயிர்காக்கும் கருவிகளும், அவசரத்துக்கு மாற்ற இணைப்பு மருத்துவமனையும் இல்லாத இடத்தில் இதற்கு அனுமதி கூடாது. ஒரே நாளில் ஆலோசனையும் அறுவையும் நடப்பதைத் தடை செய்து, முடிவெடுக்கச் சில நாட்கள் கட்டாய இடைவெளி தர வேண்டும். ஒப்புதல் படிவம் தாய்மொழியில் இருக்க வேண்டும்; அதில் ஆபத்துகளோடு, “இதனால் எடை குறையாது, நோய் தீராது” என்ற இரு வரிகளும் இடம்பெற வேண்டும். மரணமும் கடும் பாதிப்பும் நேர்ந்தால் அரசிடம் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி, ஆண்டுதோறும் அந்த விவரத்தை வெளியிட வேண்டும். முன்–பின் படங்களைக் காட்டும் விளம்பரங்களுக்கு மருத்துவர், நிறுவனம் என்ற வேறுபாடின்றித் தடை வேண்டும்.

இவை சட்டத்தின் பணிகள். வேலைக்கும் உடல் வடிவத்துக்கும் போடப்பட்ட முடிச்சை அவிழ்ப்பது தொழிற்சங்கங்களின், மாதர் அமைப்புகளின் பணி. திரைத்துறையிலும் சேவைத் துறையிலும் எடையைக் காட்டிப் பெண்களை விலக்குவதைப் பாகுபாடு என்று வரையறுக்கும் கோரிக்கையைத் தொழிலாளர் உரிமைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அதுவரை, இந்த முடிவை நோக்கி நிற்கும் பெண்ணுக்குச் சில கேள்விகள் ஆயுதமாக உதவும். அறுவை செய்பவர் எந்தத் துறையில் பட்டம் பெற்றவர், அவருடைய பெயர் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் உள்ளதா? மயக்க மருந்து தருபவர் முடியும் வரை உடனிருப்பாரா? எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைக்க வேண்டும், எந்த மருத்துவமனை ஏற்கும்? மீண்டும் சீரமைக்க நேர்ந்தால் செலவு யாருடையது? இக்கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் தராமல் தள்ளுபடியைப் பற்றிப் பேசும் இடத்திலிருந்து எழுந்து வெளியேறுவதே அறிவுடைமை.

பெங்களூருவில் உயிரிழந்த பெண்ணுக்கு வயது 21. அந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பையும், உண்மையான பதில்களைப் பெறும் உரிமையையும் உறுதி செய்ய வேண்டியது அரசின் கடமை. அந்தக் கடமையை அது நிறைவேற்றும் வரை, இத்தகைய ஒவ்வொரு மரணத்திலும் அதற்குப் பங்கு உண்டு.